பேராண்டிக்கு ஃபோர்க்லிஃப்ட் பாடம்

ஏலே பேராண்டி, ஒரகடம் குடோன்ல ஃபோர்க்லிஃப்ட்டுக்கு எல்லாம் வைஃபை கம்ப்யூட்டர் மாட்டுத வேலைய உன்கிட்ட ஒப்படைச்சிருக்காவளாமே! உங்க ஆச்சி தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரியுதா. சந்தோசம். நீ அனுப்புன போட்டோவத்தான் பாத்தேன். டிரைவர் மூஞ்சிக்கு நேரா, கல்யாண வீட்டு வரவேற்பு போர்டு கணக்கா திரையத் தூக்கி நிறுத்தியிருக்கே. பிரமாதம். ஓட்டுதவன் கம்ப்யூட்டரப் பாத்துக்கிடுவான். முன்னால போறவன எமன் பாத்துக்கிடுவான்.

அந்த வண்டியில முன்பக்கம் ஏற்கெனவே பாதி தெரியாது. மாஸ்ட்டு, சங்கிலி, ஹைட்ராலிக் ஓசு, போதாததுக்கு பேலட்டு நெறைய சரக்கு. மிச்சம் கெடக்க சந்தையும் நீ அடைச்சுட்டா அவன் ஜோசியம் பாத்துத்தான் ஓட்டணும். கண்மட்டத்துக்குக் கீழ, ஓரமா மாட்டு. டிரைவர சீட்டுல உக்கார வச்சு, முள்ளு நுனி தெரியுதா, பின்னால திரும்பத் தோதா இருக்கான்னு கேட்டுட்டு நட்ட முறுக்கு. காலி சீட்ட வச்சு அளவெடுத்தா காலி சீட்டுக்குத்தான் சரியா வரும்.

தலைக்கு மேல கூண்டுல ஓட்ட போட டிரில்லிங் மிஷினோட நிக்கியாமே? ராக்குலேர்ந்து பெட்டி விழுந்தா மண்டையக் காப்பாத்தத்தாம்லே அந்தக் கூண்டே இருக்கு. வண்டி செஞ்சவன் எழுதிக் குடுக்காம அதுல துளையும் கூடாது, வெல்டும் கூடாது. கிளாம்ப் வாங்கிப் பிடிச்சு மாட்டு.

கரண்டுலதான் உன் பவிசு தெரியப்போவுது. லாரி வயரிங்ல நாங்க பழகுன வித்தை ஒண்ணு உண்டு: பிளஸ்ஸுக்கு ஒரு ஒயரு, மைனஸ்ஸுக்கு பாடியில ஒரு போல்ட்டு. அந்த வித்தைய பேட்டரி ஃபோர்க்லிஃப்ட்டுல காட்டிராத. அதுல மைனஸ்ஸையும் பாடியையும் ஒட்டுறவே இல்லாம பிரிச்சு வச்சிருப்பான். நீ பேட்டரி மைனஸ்ஸ பாடியோட சேத்துக் கட்டுனா அன்னைக்கு ஒண்ணும் ஆவாது. வண்டி ஓடும், திரை எரியும், நீயும் மீசைய முறுக்குவே. பெறவு ஒருநா எங்கயோ ஒரு பிளஸ் ஒயரு தேஞ்சு பாடியில உரசும். அப்பந்தான் புகை வரும். ரெண்டு ஒயரையும் தனித்தனியா இழுத்துக் குடு. பேட்டரிப் பக்கத்துலயே ஃபியூஸ் போடு.

பேட்டரி 24, 36, 48, 80 வோல்ட்டுன்னு வண்டிக்கு வண்டி மாறும். 48னு எழுதுன பேட்டரியே சார்ஜ் ஏறயில 48க்கு மேல போயிரும். கம்ப்யூட்டர் எவ்வளவு தாங்கும்னு அதோட முதுகுல ஒட்டியிருக்கான். அத வாசிக்கத்தான உன்னய பாலிடெக்னிக்குக்கு அனுப்புனோம்? தாங்காட்டா நடுவுல கன்வெர்ட்டர் போடு. போடாம 80 வோல்ட்ட நேராக் குடுத்தா ஒரு வாசனை வரும். அதுக்கு என்ன விலைன்னு உங்க முதலாளி சொல்லுவாரு.

ஒயரு மாஸ்ட்டுலயும் ஸ்டீயரிங்குலயும் சிக்காமப் பாத்துக்கோ. ஆன்டெனாவ டிரைவர் உடம்புக்கு 20 சென்டிமீட்டராவது தள்ளி வையி. தண்ணி பாட்டில் அடுக்குன சந்துல சிக்னல் சாவுதுன்னு அவன் வண்டிய ஏசுதானாம். இரும்பு ராக்கு சிக்னலத் தட்டிவிடும், தண்ணி குடிச்சிரும். வண்டி என்னலே செய்யும்? கூரையில ஆக்சஸ் பாயின்ட் வச்சவன்கிட்டக் கேளு.

வண்டி நகந்தா திரை தானா இருட்டாவுதே, அதுக்கு டிரைவர்மாரு சண்டைக்கு வாராவளாம்; எடுத்துவிட்ரட்டான்னு நீ கேக்கே. எடுத்துவிடுலே. அப்படியே பிரேக்கையும் கழத்திரு, அதுவும் அவசரத்துக்கு இடைஞ்சல்தான! மணிக்கு 10 கிலோமீட்டர்ல போற வண்டி ரெண்டு செகண்டுல அஞ்சு மீட்டருக்கு மேல தாண்டிரும். ராக்கு நம்பர வாசிச்சு முடிக்க அந்த ரெண்டு செகண்டு வேணும். அம்புட்டுத் தூரமும் அவன் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுன மாதிரிதான். நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பெறவு ஸ்கேன் பண்ணச் சொல்லு. அதுல ஒண்ணும் ஊரு முங்கிராது.

நாளைக்கு ஸ்பேனரத் தொடுமுன்ன சாவிய உருவிப் பையில போடு, பேட்டரி பிளக்கக் கழத்து, மாமனார் போட்ட மோதிரத்தையும் கழத்தி வையி. பேட்டரி முனையில ஸ்பேனரும் மோதிரமும் சேந்து பட்டா விரலச் சுத்தி வெந்துரும். மோதிரம் போச்சுன்னா வேற போடுதேன்னு மாமனார் சொல்லிட்டாரு. விரலப் பத்தி அவரு வாயத் தெறக்கல.