திண்ணைச் சண்டை

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிக் கடுமையாக எதிர்த்தவர் பெரியார். மறு ஆண்டு ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1972 டிசம்பரில் அதே ராஜாஜியின் இறுதிச் சடங்கில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அழுதவரும் பெரியார்தான்.

ஈரோட்டுப் பக்கம் எங்கள் தெருவிலும் இப்படி இருவர் இருந்தார்கள். என் தாத்தா ராஜாஜி பக்தர். எதிர்வீட்டுத் தையற்காரர் பெரியாரின் கறுப்புச்சட்டைக்காரர். சாயங்காலமானால் எங்கள் திண்ணையில் சண்டை தொடங்கிவிடும். குரல் உயரும், பாட்டி உள்ளிருந்து அதட்டுவார். ஆனாலும் ஒருவர் கேள்வி கேட்டால் மற்றவர் யோசித்துப் பதில் சொல்லும்வரை பொறுத்திருப்பார்.

"ஏனுங்க, கோயிலுக்குப் போய்ட்டு வந்தா உங்களுக்கு எப்படீங்க இருக்கும்?" என்று ஒருநாள் தையற்காரர் கேட்டார். மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தாத்தா வெகுநேரம் பேசாமல் இருந்தார். "பாரத்தை எறக்கி வெச்சாப்பல இருக்குமப்பா. உனக்கு அதும்மேல ஏன் இத்தனை கோவம்?"

"எங்கப்பனை வாசப்படி ஏற உடலீங்களே."

ராஜாஜி அரசு 1939-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் கொண்டுவந்ததைத் தாத்தா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். எதிர்வீட்டுக்காரரின் தகப்பனார் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட சங்கதி அன்றுதான் அவர் காதில் விழுந்தது. அதன்பிறகும் அவர் கோயிலுக்குப் போனார், தையற்காரர் போகவில்லை. சண்டையும் ஓயவில்லை, ஆனால் அதன் ஆழம் கூடியது.

இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இடஒதுக்கீடு பற்றி ஒருவர் எதையாவது போட்டால் நாலு பேர் பாய்கிறார்கள், ஒருவர் வெளியேறுகிறார். யார் எந்தப் பக்கம் என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் அந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

போன பொங்கலுக்கு, இடஒதுக்கீடே கூடாது என்னும் சித்தப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இந்த எண்ணம் உங்களுக்கு எப்பங்க சித்தப்பா வந்துச்சு?" மகனுக்கு மருத்துவ இடம் கிடைக்காமல் போன வருஷத்தைச் சொன்னார். குறுக்கிடாமல் கேட்டேன். அவர் முடித்ததும், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் தோழியைப் பற்றிச் சொன்னேன். அவர் கருத்து மாறவில்லை, என்னுடையதும்தான்.

"அந்தப் புள்ள இப்ப எங்க வேலை பாக்குது?" என்றார்.

சொன்னேன். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார்.