கையூன்றாமல்

1974-இல் அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சிக்கு 65 வயது. விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். பிறகு தாமிரபரணிக்கு நடந்துபோய்க் குளித்து, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு திரும்புவாள். மாவாட்டுவது, காய் நறுக்குவது, சாப்பிடுவது, எங்களுக்குத் தலை வாரிவிடுவது, பல்லாங்குழி ஆடுவது எல்லாம் தரையில்தான். ஒரு நாளில் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருப்பாளோ, எண்ணியவர் யாருமில்லை. ஆனால் கையை ஊன்றி அவள் எழுந்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் முழங்கால் வலிக்காகச் சென்னையில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். எனக்கு 61. "அம்மா, இந்தப் பாயில உட்காந்து, கையை ஊனாம எழுந்திருங்க பார்ப்போம்" என்றார் அந்தப் பெண். உட்கார்ந்துவிட்டேன். எழும்போது ஒரு கை வேண்டியிருந்தது, பிறகு முழங்கால், கடைசியில் நாற்காலியின் விளிம்பு. அன்றைய ஆச்சியைவிட நாலு வயது இளையவள் நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இது ஒரு பரிசோதனையாம். பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரை இப்படி உட்கார்ந்து எழச் சொல்லி, ஆறு ஆண்டுகளுக்கு மேல் கவனித்திருக்கிறார்கள். ஊன்றுகோலாகக் கையும் முழங்காலும் அதிகம் தேவைப்பட்டவர்களிடையே இறப்பும் அதிகமாக இருந்ததாக 2012-இல் எழுதினார்கள். தரையிலிருந்து எழும் ஒரு அசைவில் தொடை வலு, இடுப்பின் வளைவு, உடம்பின் சமநிலை மூன்றும் தெரிந்துவிடுகின்றன. வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடையைப் போன்ற உழைப்பு வேண்டும் என்கிற உலக சுகாதார நிறுவனம், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சியும் வேண்டும் என்கிறது. வயதானவர்கள் கீழே விழாமல் இருக்கத்தான் அது.

முப்பது வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் சாப்பாட்டு மேஜை வந்தது, கிரைண்டர் வந்தது, நீளக் கம்பு வைத்த மாப் வந்தது, நாலாவது மாடிக்கு லிஃப்ட் வந்தது, வாசலில் ஸ்டிக்கர் கோலம் வந்தது. ஆட்டுரலை நான் திரும்பக் கேட்கவில்லை. அது பெண்களின் முதுகை ஒடித்த கல். பாரத்தை இறக்கிவைத்தது நல்லதுதான். அதோடு குனிவதையும் நிமிர்வதையும் சேர்த்து இறக்கிவைத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

அந்தக் காலம் முழுக்கப் பொற்காலம் என்றும் சொல்லமாட்டேன். ஆச்சி வெற்றிலையோடு புகையிலை போடுவாள். தினமும் ஊறுகாயும் மோர்மிளகாய் வத்தலும் வேண்டும். அவளுடைய ரத்த அழுத்தத்தை யாரும் அளந்து பார்த்ததே இல்லை. எழுபதை நெருங்கும்போது காது மந்தமானது. சாயங்காலம் தார்சாவில் கூடும் பெண்கள் நடுவே ஊர்க்கதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள், மெள்ள மெள்ளத் தூணோரமாக ஒதுங்கினாள். "ஏட்டி, என்ன சொல்லுதா அவ?" என்று என்னிடம் கேட்பாள். கத்திச் சொல்லிச் சொல்லி எல்லாரும் ஓய்ந்துபோனோம். அப்புறம் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். இரண்டு மூன்று வருஷத்தில் என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். "வயசாயிட்டுல்லா" என்று அதோடு முடித்துக்கொண்டோம்.

காது மட்டுமே அந்த மறதிக்குக் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் 'லான்செட்' மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024-இல் மறதிநோய்க்கு வழிவிடும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. காது கேளாமை, பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, புகைபிடித்தல், தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. படித்தபோது தூணோரம் உட்கார்ந்திருந்த ஆச்சியின் முகம்தான் வந்து நின்றது.

டிவி சத்தத்தை நான் கூட்டிக்கொண்டே போவதாக மகள் சொன்னபோது, அந்த நினைவுதான் என்னைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனது. இப்போது இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, காலையில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறேன். மத்தியானச் சாப்பாடு தரையில். உப்பைக் குறைத்துவிட்டேன். எட்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒரு விரல் மட்டும் ஊன்றி எழ முடிகிறது.

அந்தக் காலத்துத் தரையும் வேண்டும், இந்தக் காலத்துப் பரிசோதனையும் வேண்டும். இன்றைக்கே சுவரோரமாக, பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொல்லி, தரையில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் "என்னது?" என்று இரண்டாவது தடவை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், காது மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவரைத் தூணோரம் ஒதுங்க விடாதீர்கள்.