நடப்பவரைப் போற்றும் ஊர்

நடந்து வருகிறவருக்கு உபசாரம் செய்யத் திருப்பதியிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்து அலிபிரியில் மூட்டையைக் கொடுத்தால் காசு வாங்காமல் திருமலையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படி. பெரும்பகுதிக்கு மேலே கூரை, வழியில் குடிநீர், கழிப்பறை. மூச்சு வாங்கினால் உட்கார இடம். வேலூரிலிருந்து வரும் எழுபது வயதுப் பாட்டிகூட மோகாளமெட்டுச் செங்குத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடுகிறார். காலின் களைப்பை அறிந்தவர்கள் போட்ட வழி அது. கட்டிய தேவஸ்தானத்துக்கு ஒரு கும்பிடு.

அதே பாட்டி திருப்பதி ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கி, அருகிலிருக்கும் கோவிந்தராஜர் கோயிலுக்குப் போகட்டும். அங்கே போற்ற வேண்டியது அவரைத்தான். கடைப்படி, நிறுத்தி வைத்த பைக், பெயர்ந்த சாக்கடை மூடி என்று ஒவ்வொன்றாகச் சுற்றி, ஆட்டோவுக்கு ஒதுங்கி, செருப்பு அறுபடாமல் போய்ச் சேர்கிறார். மலையில் கேட்காத துணிச்சலைக் கடைத்தெரு கேட்கிறது.

சித்தூர்க்காரர்களின் திறமையும் குறைந்ததல்ல. பிள்ளையைச் சுவரோரம் விட்டு, லாரிப் பக்கம் தன் உடம்பை வைத்து நடக்கிறாள் தாய். யாரும் சொல்லித்தரவில்லை, ரோடு பழக்கிவிட்டது. புரட்டாசியில் சித்தூர் வழியாகத் திருப்பதிக்குக் கால்நடையாய்ப் போகிறவர்கள், இருட்டில் ரோட்டோர வெள்ளைக் கோட்டையே துணையாக நம்பி, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடக்கிறார்கள். அந்தப் பக்திக்கு ஈடில்லை. அவர்களுக்கு ஒரு தனிப் பாதை இருந்தால் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது.

திருப்பதியில் வண்டிகளுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் சீனிவாச சேது திறந்தது. சுமார் 7 கிலோமீட்டர் மேம்பாலம், 600 கோடி ரூபாய்க்கு மேல். தேவஸ்தானமும் ஸ்மார்ட் சிட்டி நிர்வாகமும் சேர்ந்து செலவழித்தன. நெரிசலில் மாட்டாமல் பஸ் போகிறது, நல்ல வேலை. சேர்ந்து செய்தால் முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்கள்.

நடைபாதைக்குக் கேட்பது அதில் ஒரு துளி. தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம், ஏறி இறங்க முடிகிற உயரம் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012லேயே எழுதி வைத்திருக்கிறது. அந்த அகலம் இருந்தால் சக்கர நாற்காலி போகும், பள்ளிப் பிள்ளை தனியாகப் போகும், கடைக்கு ஆள் நின்று பார்த்து வாங்குவார். நடைபாதை உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அலிபிரிப் படியை அளந்தவர்கள் அதே அளவுநாடாவோடு ஸ்டேஷன் வாசலுக்கு வரட்டும், அடுத்து சித்தூர் பஜாருக்கும்.