இன்னும் ஒரு கோட்

ரேஷன் கடைக் கைரேகை மெஷின் ஒருவரை "விரலைத் துடைச்சிட்டு வைங்க" என்று நாலு தடவை திருப்பி அனுப்புகிறதென்றால், அவர் கொத்தனாராக இருக்க வேண்டும். அல்லது தன் காருக்குத் தானே பெயின்ட் அடிக்கிறவராக இருக்க வேண்டும். கொத்தனாரின் ரேகையைச் சிமென்ட் தின்றிருக்கும். இவருடையதை வாட்டர் பேப்பர்.

வேளச்சேரி, முகப்பேர், குரோம்பேட்டை, எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் உண்டு. ஐம்பதை நெருங்கும் வயது. வங்கியிலோ இன்சூரன்ஸிலோ கௌரவமான வேலை. பத்து வருஷத்தைத் தாண்டிய வெள்ளி நிறக் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிங் பக்கம் போனால், இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் மேல் கழற்றிய பம்பர் கிடக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கிழிந்த பனியனும் கைலியுமாகக் குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பார். தயவுசெய்து வணக்கம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பம்பரைத் தடவிப் பார்க்கச் சொல்வார்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தடவுங்க சார். மேடு தெரியுதா?"

தெரிகிறது என்றால் ஒரு மணி நேரம் விளக்குவார். தெரியவில்லை என்றால் இரண்டு மணி நேரம்.

இதெல்லாம் ஆரம்பித்தது ஒரு உள்ளங்கை அளவுக் கீறலில். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "இத்துணூண்டு அடிச்சா திட்டு தெரியும் சார், பம்பர் முழுசா அடிக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார். நியாயமான தொகைதான். ஆனால் நம்மவர் காதில் அது "உன்னால் முடியாது" என்று விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியிலேயே ஹார்டுவேர் கடையில் நின்றுவிட்டார். அன்று தொடங்கிய செலவு நோட்டு இரண்டாம் பக்கத்தோடு நின்றுபோயிற்று. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இவரை அரைகுறை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பாடம் அத்தனையும் தலைகீழாகத் தெரியும். தாளின் நம்பர் ஏற ஏற மணல் நைஸாகும். 320 போட்ட கீறலை 600 எடுக்க வேண்டும். அவசரப்பட்டு 2000-க்குத் தாவினால் பழைய கீறல், பளபளப்புக்காகக் கடைசியில் அடிக்கும் லேக்கருக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். விரலால் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும், அதனால் ரப்பர் கட்டை வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டால் தாள் அடைக்காது. பட்டி பார்த்துப் பிரைமர் அடித்த பிறகு மேலே கறுப்புப் பெயின்டைப் புகை போலத் தூவித் தேய்ப்பார்; கறுப்பு எங்கே ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கே பள்ளம். இந்தக் கட்டத்தில்தான் மனைவி முதன்முறையாகக் கீழே இறங்கி வந்து பார்த்தார். "வெள்ளை வண்டியை ஏங்க கறுப்பாக்கிட்டீங்க?" வெள்ளை இல்லை, சில்வர் என்று திருத்தியதோடு அன்றைய பேச்சுவார்த்தை முறிந்தது.

வாட்ச்மேனுக்கோ தப்பிக்க இடமில்லை. அவர் இப்போது, "இந்த லேக்கர் ஒன் கே-வா டூ கே-வா சார்?" என்று கேட்கும் அளவுக்கு முன்னேறிவிட்டார்.

வரலாறும் உண்டு. பள்ளிக்கூடச் சார்ட் ஒட்ட மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டு கேட்டு வந்த எதிர்வீட்டுப் பையன், ரிச்சர்ட் ட்ரூவின் கதையை முழுக்கக் கேட்ட பிறகுதான் வீடு திரும்ப முடிந்தது. 1920-களில் அமெரிக்காவில் கார்களுக்கு இரட்டை நிறம் அடிப்பது மோகம். ஒரு நிறத்தை மூடிவைக்க ஒட்டிய காகிதத்தை உரித்தால் புதுப் பெயின்டும் சேர்ந்து உரிந்து வரும். த்ரீ எம் கம்பெனியின் நீர் புகாத உப்புத்தாளைச் சோதிக்கப் பட்டறைக்குப் போன ட்ரூ, பெயின்டர் திட்டிய திட்டைக் கேட்டுவிட்டு, மெல்ல ஒட்டி மெல்ல உரியும் டேப்பை 1925-இல் செய்து கொடுத்தார். "பார்த்தியா தம்பி, இந்த டேப்பே கார் பெயின்டருக்காகப் பிறந்ததுதான்!" தம்பி சார்ட்டைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டான்.

ஸ்பிரே டப்பாவின் கதையை ஒருநாள் சாப்பிடும்போது எடுத்தார். 1949-இல் இல்லினாயில் எட் சீமோர் என்ற பெயின்ட் வியாபாரி, மனைவி பானி சொன்ன யோசனையின்பேரில் பெயின்டை டப்பாவில் அடைத்தாராம். மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அந்தம்மாவால வந்த வினையா இது?" என்றார்.

ஒரே ஒரு விஷயத்தில் இவரை நான் மன்னிப்பதில்லை. டூ கே லேக்கரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. பம்பரின் தூசிக்கு அத்தனை பயப்படுகிற மனிதர் தன் நுரையீரலுக்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்கிறார். கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கும் இதற்கு ஆகாது. சொன்னால், "திறந்த பார்க்கிங்தானே" என்பார். மேல்மாடிக்காரர்களும் மூச்சு விடுகிறார்கள் என்பதைச் சங்கச் செயலாளர்தான் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஹார்டனர் கலக்காத ஒன் கே-க்கு இறங்கினார்.

லேக்கர் நாள் வந்தால் குடியிருப்பே ஊரடங்குக்குப் போகும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பளபளப்பு பால் படர்ந்தாற்போல் வெளுத்துவிடும். சென்னையில் ஈரம் குறையட்டும் என்று காத்திருந்தால் காரைத்தான் விற்க வேண்டும். அதனால் சித்திரை வெயிலில் காலை பத்து மணி என்று முகூர்த்தம் குறித்தார். தூசி எழாமல் தரையில் தண்ணீர் தெளித்தார். யாரும் பெருக்கக் கூடாது, பைக்கை ஸ்டார்ட் செய்யக் கூடாது, போர்வை உதறக் கூடாது.

முதல் கோட் மெல்லிசாக. பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறவிட்டு இரண்டாவது. அருமையாக வந்திருந்தது. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே என் மீசை தெரிந்தது. இங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். கொஞ்சம் மீதி இருந்தது.

"இன்னும் ஒரு கோட்."

ஆற விடாமல் அடித்த மூன்றாவது கோட், பம்பரின் செங்குத்தான மூலையில் சொட்டாக வழிந்தது. வழிந்த இடத்தைப் பார்த்து ஒரு கொசுவும் வந்து உட்கார்ந்தது. அதை ஊசியால் எடுக்கப் போய்க் கட்டை விரல் பதிந்தது. மெஷினில் விழாத ரேகை அங்கே மட்டும் தெளிவாக விழுந்தது.

சரி, காய்ந்த பிறகு 1500-ஐ வைத்து வழிசலைத் தேய்த்துவிட்டு ரப்பிங் காம்பவுண்டு போட்டால் சரியாகிவிடும். அதுவும் அவருக்குத் தெரியும். ஆனால் லேக்கர் தலைமுடித் தடிமன்கூட இருக்காது. விளிம்பில் இன்னும் மெலிசு. நாலு இழுப்பில் போதும் என்று நிறுத்தத் தெரிந்த கை வேண்டும். இவர் ஐந்தாவது இழுப்பில் லேக்கரைத் தாண்டி சில்வருக்குள் இறங்கிவிட்டார். சில்வரில் அலுமினியத் துகள்கள் படுத்துக் கிடக்கும். தாள் பட்டதும் கலைந்து கறுத்த திட்டாகிவிடும். அதன்மேல் எத்தனை லேக்கர் அடித்தாலும் திட்டு பளபளக்குமே தவிர மறையாது. மறுபடி தேய், மறுபடி சில்வர், மறுபடி லேக்கர். பம்பர் இல்லாத காரை மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போன மனைவியிடம் கீரைக்காரம்மா, "ஏம்மா, யாருக்கும் அடி படலையே?" என்று விசாரித்தார்.

ஒருவழியாகப் பம்பர் முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பட்டறைக்காரரால்கூட அப்படி அடித்திருக்க முடியாது. மாட்டினார். அந்த வாரமே, வண்டியை மாற்றிவிடலாம் என்று மனைவி ஒரு புரோக்கரை வரவழைத்தார். அவர் காரை ஒருமுறை சுற்றி வந்து முன்னால் நின்றார்.

"ஆக்சிடென்ட் வண்டியா சார்?"

"இல்லையேப்பா!"

"பம்பர் மட்டும் புதுசா மின்னுது. பானெட், கதவெல்லாம் மங்கிக் கிடக்கு. பார்ட்டி கேக்குமே சார். ஒரு பத்தாயிரம் குறைச்சுக்கலாம்."

புரோக்கர் தலை மறைந்ததும் நம்மவர் பானெட்டைத் திறந்து கீல் போல்ட்டுகளை எண்ணினார். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். "விக்க வேண்டாம்மா. அவன் சொல்றதும் சரிதான், மேட்ச் ஆகலை. பானெட்டை மட்டும் ஒரு 800 வச்சு லேசா…"

"தீபாவளிக்கு ஊருக்கு பஸ்ஸுல டிக்கெட் போட்டுடறேன்" என்றார் மனைவி. "பொங்கலுக்கும் சேர்த்தே போட்டுடறேன்."