துப்பறி தொடர் மாந்தர்மீது ரசிகர் கொள்ளும் ஐயம்: பேரிகை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

துப்பறி தொடர் என்பது, ஒரு குற்றத்தை முதற்பகுதியில் நிகழ்த்திவிட்டு, அதைச் செய்தவர் யாரென்பதைக் கடைசிப் பகுதிவரை மறைத்து வைத்து, இடைப்பட்ட நேரத்தில் பார்ப்பவரின் ஐயத்தை ஒவ்வொரு பாத்திரத்தின் தலையிலும் மாற்றி மாற்றி ஏற்றி இறக்கும் கதைவகை ஆகும். இந்த ஏற்றுமதி இறக்குமதியை முழுவதும் எழுத்தாளரே நடத்துகிறார் என்பது இக்கதைவகையை ஆராய்வோரின் பொதுவான நம்பிக்கை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கும் பேரிகையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் இந்நம்பிக்கை செல்லாது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அங்குள்ள ரசிகர், எழுத்தாளர் நீட்டுகிற ஐயத்தைக் கைநீட்டி வாங்குவதில்லை. தமக்கு வேண்டியதை வேலைசெய்யும் இடத்திலிருந்து தாமே கொண்டுவருகிறார்.

பேரிகையிலிருந்து ஒருபுறம் பாகலூர் வழியாக ஓசூருக்கும், மறுபுறம் எல்லை தாண்டி மாலூருக்கும் சாலை போகிறது. தக்காளியும் முட்டைக்கோசும் ரோஜாவும் விளையும் இந்நிலத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடைப் பெஞ்சில் இடம் பகிர்ந்துகொள்கின்றன. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்ததிலிருந்து, சுற்றுவட்டாரத்து இளைஞர்களில் பலர் 'கம்பெனிக்கு'ப் போகிறவர்கள் ஆனார்கள். ஷிப்ட் எனப்படும் பணிமுறை அவர்களுடைய நாளை மூன்றாக வெட்டி, எந்தத் துண்டில் உறங்குவது என்பதை வாரந்தோறும் மாற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே தொடர் மாந்தரைப் பற்றிய கருத்து இவ்வட்டாரத்தில் வீட்டுக் கூடத்தில் உருவாவதில்லை. அது கம்பெனி பஸ்ஸில் உருவாகி, கேன்டீனில் முற்றி, டீக்கடையில் தீர்ப்பாக வெளிவருகிறது.

இந்த ஐயத்தை ஆராய்வதற்கு மேனாட்டுக் கோட்பாடுகளைத் தேடி அலையத் தேவையில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைச் சொல்லுமிடத்தில் ஐயத்துக்கு இடம் தரவில்லையாயினும், பின்னர் அடுக்கும் முப்பத்திரண்டில் பொறாமை, வியர்த்தல், நடுக்கு ஆகியவற்றின் பக்கத்தில் அதை வைத்திருக்கிறார். நள்ளிரவில் கொலைத் தொடர் பார்ப்பவரின் உடலிலும் இவை பெரும்பாலும் ஒன்றாகவே தோன்றுகின்றன என்பதால், அவர் வைத்த இடம் சரியானதே. இன்னும் நெருங்கிய பொருத்தம் நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் இலக்கணத்தில் கிடைக்கிறது. கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம், காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என நான்கு படிகளாக நிகழும் என்கிறார் அவர். தலைவன் தலைவியைக் காண்பது காட்சி. இவள் தெய்வமகளோ மானுடமகளோ என மயங்குவது ஐயம். அவள் கண் இமைப்பதையும் சூடிய மலர் வாடுவதையும் கண்டு மானுடப் பெண்ணே எனத் தெளிவது துணிவு. அவள் பார்வையிலிருந்து அவள் உள்ளத்தை உணர்வது குறிப்பறிவு.

ரசிகருக்கும் தொடர் மாந்தருக்கும் உள்ள உறவும் ஒருதலையானதே, ஏனெனில் ரசிகர் ஒருவர் இருப்பது பாத்திரத்துக்குத் தெரியாது. ஆனால் பேரிகை ரசிகரிடம் படிகளின் வரிசை மாறுகிறது. பாத்திரம் திரையில் தோன்றிய உடனேயே 'இவன்தான் செய்திருப்பான், மூஞ்சியே சரியில்ல' என்று அவர் துணிந்துவிடுகிறார். இவ்வாறு முகத்தை மட்டுமே கொண்டு பெறும் ஆதாரத்தை இக்கட்டுரை முகச்சான்று என்று வழங்கும். அதன்பின் வரும் பகுதிகள் முழுவதையும், ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் குறிப்பு சேகரிப்பதில் ரசிகர் செலவிடுகிறார். கடைசிப் பகுதியில் குற்றவாளியாக வேறொருவர் வெளிப்படும்போதுதான் முதன்முறையாக அவருக்கு ஐயம் பிறக்கிறது. அந்த ஐயம் எழுத்தாளர்மீது பாய்கிறது.

இப்பழக்கத்தின் வேரைத் தேடினால் அது 1990களின் பின்பாதியில் ஒளிபரப்பான 'மர்மதேசம்' தொடர்வரிசையில் கிடைக்கும். இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய 'ரகசியம்', 'விடாது கருப்பு' ஆகிய கதைகள் வாரத்துக்கு ஒருமுறை வந்தன. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே கிடைத்த ஆறு நாள் இடைவெளியில்தான் ரசிகரின் கருத்து ஊறியது. அதிலும், இரவில் ஒளிபரப்பான தொடரை இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பார்க்க வழியில்லாததால், தவறிப்போன பகுதியை முதல் ஷிப்ட்காரர் ஒருவர் வாயால் கேட்டே அறிய வேண்டியிருந்தது. இவ்வாறு கேள்வியறிவால் உருவாகும் பாத்திரத்தைச் செவிவழிப் பாத்திரம் எனலாம். சொல்பவர் யாரைச் சந்தேகித்தாரோ அவருக்கே அந்தப் பகுதியில் அதிகக் காட்சிகள் கிடைத்தன என்பதும், 'விடாது கருப்பு'வின் காவல்தெய்வம் கருப்பசாமியின் வெள்ளைக் குதிரை திரையில் வந்ததைவிடக் கேன்டீனில் அடிக்கடி வந்தது என்பதும் இதன் இயல்பான விளைவுகள். 1954இல் வெளிவந்த எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லிக் காட்டிய படம். பேரிகைப் பஸ்ஸில் பயணம் செய்தவர்களுக்கு அந்த உத்தி புதுமையாகப் பட்டிருக்க முடியாது. 'விடாது கருப்பு'வில் ராஜேந்திரனாக நடித்த சேத்தனும் ரீனாவாக நடித்த தேவதர்ஷினியும் பின்னாளில் வாழ்க்கையிலும் மணந்துகொண்டதைத் தொடர்ந்து, ராஜேந்திரன்மீது பழைய ரசிகர்கள் வைத்திருந்த கடுமையான கருத்துகள் பல, 'நல்ல பையன்தான்' என்று பின்தேதியிட்டுத் திருத்தப்பட்டன.

புதிய காலத்து மூலநூலாக இக்கட்டுரை எடுத்துக்கொள்வது 'சுழல்'. புஷ்கர்–காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய எட்டுப் பகுதிகள் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் ஒருசேர வெளிவந்தன. சாம்பலூர் என்னும் கற்பனை ஊரில் சிமென்ட் ஆலை எரிகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். ஊரிலோ மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. ஆலை, சங்கம், அமாவாசைத் திருவிழா என மூன்றும் ஒரே கதையில் அமைந்ததால், ஓசூர் வட்டாரம் இதைத் தன் கதையாகவே எடுத்துக்கொண்டது. குற்றவாளி யார் என்பதை இங்கே வெளியிடுவது ஆய்வு நெறிக்கு உகந்ததன்று. மேலும், பின்னர் காணப்போவதுபோல், ரசிகரைப் பொறுத்தவரை அந்தச் செய்திக்குப் பெரிய மதிப்பும் இல்லை.

முதலில் நோக்கத்தக்கது பழவினைக் கோட்பாடு. நடிகர் முந்தைய படத்தில் செய்த வினை, இந்தப் பிறவிப் பாத்திரத்தைத் தொடர்ந்து வந்து சேரும் என்பது இதன் சாரம். உதவி ஆய்வாளர் சக்கரையாக வரும் கதிர், 2018இன் 'பரியேறும் பெருமாள்' படத்தில் பட்ட துன்பங்களால் ஈட்டிய நற்பெயர் இன்னும் செலவாகாமல் இருப்பதால், அவரைச் சந்தேகிக்க ஒருவரும் முன்வருவதில்லை. ஆய்வாளர் ரெஜினாவாக வரும் ஸ்ரேயா ரெட்டியின் நிலைமை இதற்கு நேர்மாறானது. 2006இன் 'திமிரு' படத்தில் அவர் ஏற்ற வில்லி ஈஸ்வரியை மறக்காத ரசிகர், அவர் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே வழக்கை முடித்துவிடுகிறார். காக்கிச் சட்டையும் பதவியும் தாய்மையும் சேர்ந்து வாதாடியும், பதினாறு ஆண்டு பழைய ஈஸ்வரிக்கு அவரால் ஜாமீன் வாங்க முடியவில்லை.

பார்த்திபன் ஏற்ற சண்முகம் பாத்திரத்தின்மீது எழுத்தாளர்கள் பெருமுயற்சியுடன் ஏற்றிவைத்த ஐயம், இவ்வட்டாரத்தில் ஏறவே இல்லை. வெளியூர் ரசிகர் அவரைப் பார்த்து, கோபக்காரர், ஆலைமீது பகை கொண்டவர், மகளிடம் மறைக்கும் ஏதோ ஒன்று உடையவர் என்று கணக்குப் போடுகிறார். சிப்காட் ரசிகர் கேட்கும் கேள்விகள் முற்றிலும் வேறு: கேட் மீட்டிங்கில், அதாவது ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாயிலில் நடக்கும் கூட்டத்தில், அவர் மைக் இல்லாமல் பேசுவாரா? சம்பள ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை போடுகிறார்? தீபாவளி போனஸை எத்தனை சதவீதத்தில் முடித்தார்? இவற்றுக்குத் தொடரில் விடை கிடைக்காததால், 'தலைவர் நடிப்பு நல்லாத்தான் இருக்கு, ஆனா அக்ரிமென்ட் எங்கே?' என்று ரசிகர் தீர்ப்பை ஒத்திவைக்கிறார். கொலைக் குற்றச்சாட்டைவிட முடிவாகாத ஒப்பந்தமே ஒரு தலைவரின் பெயரைக் கெடுக்கும் என்னும் இந்தக் கணிப்பில், இதுவரை வெளிவந்த திறனாய்வுகளைவிட அதிக நுட்பம் இருக்கிறது.

தீ விபத்தை ஆராய வரும் கோதண்டராமன், 'குணா' இயக்குநர் சந்தானபாரதி ஏற்ற பாத்திரம். பிற ஊர்களில் இவரைச் சிரிப்புக்கு வந்தவராகக் கருதுகிறார்கள். பேரிகையில், தக்காளி ஏற்றிப்போன டெம்போ கவிழ்ந்தபின் நஷ்டஈட்டுக்காகக் காகிதம் தூக்கி, விபத்தை ஆராய வருபவர் பின்னால் அலைந்தவர்கள் மிகுதி என்பதால், தொடரிலேயே உண்மையாகத் துப்பறியத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்பது பரவலான முடிபு.

மொழி தரும் சிக்கலும் உண்டு. தொடர் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரே நாளில் கிடைத்ததால், ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கிலும் மாலூரிலிருந்து வந்த மருமகன் கன்னடத்திலும் பேரன் தமிழிலும் பார்க்கும் நிலை இங்கே இயல்பானது. நிலாவின் அக்கா நந்தினியைத் தமிழில் பார்த்தவர் பிடிவாதக்காரி என்றும், பின்னணிக் குரலில் கேட்டவர் வாயில்லாப் பூச்சி என்றும் சொல்வது யாருடைய பிழையும் அன்று. குரல்வழி ஐயம் எனப்படும் இது, மூவரும் ஒரே தட்டில் கடலை கொறிக்கும்போது மட்டும் தணிகிறது.

திருவிழாக் காட்சிகளைப் பொறுத்தவரை ரசிகர் வேறொரு பதவியில் அமர்கிறார். மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மன் கோயில்களில் நடக்கும் மயானக் கொள்ளை, அதற்குப் பேர்போன மேல்மலையனூருக்கு மட்டும் உரியதன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தில் வேடமிட்டவர்களின் ஊர்வலம் சுடுகாடு நோக்கிப் போவதைக் கண்டு வளர்ந்தவர்கள் இங்கே உண்டு. அவர்கள் கண் நிலாவைத் தேடும் போலீஸைப் பார்ப்பதில்லை. காளி வேடம் கட்டியவரின் முகப்பூச்சு வியர்வையில் கலையாததையே பார்க்கிறது. கலையாத பூச்சு உடையவர் உண்மையான பக்தராக இருக்க முடியாது என்பதால், பின்னணியில் ஆடும் பெயரற்ற துணைநடிகர்கள்மீது இவ்வட்டாரத்தில் கூட்டம் கூட்டமாக ஐயம் எழுந்தது.

இவ்வளவும் முன்னுரையே. பேரிகை ரசிகரின் தனிப்பெரும் பங்களிப்பு, தொடரில் இல்லாத ஒரு பாத்திரத்தைக் குற்றவாளியாகக் கண்டதாகும். அந்தப் பாத்திரம் ஆலையின் எச்.ஆர்., அதாவது மனிதவள மேலாளர். முதலாளி திரையில் வருகிறார், சங்கத் தலைவர் வருகிறார், போலீஸ் வருகிறது, தீயை ஆராய்பவரும் வருகிறார்; ஒரு சிமென்ட் ஆலை எரியும்போது எச்.ஆர். மட்டும் எங்கே போனார் என்னும் கேள்வியை முதல் பகுதியிலேயே எழுப்பிய ரசிகர், எட்டாம் பகுதிவரை அதைக் கைவிடவில்லை. இது துப்பறி இலக்கணத்துக்கு எதிரானது என்பதை மறுப்பதற்கில்லை. ரொனால்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1929இல் துப்பறி கதைக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே குறிப்பிடப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தார். ஆனால் பாதிரியாருக்குக் கம்பெனி அனுபவம் இருந்ததில்லை. ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, நிரந்தரமாகும் நாளை எதிர்பார்த்து, ஒரு திங்கட்கிழமை காலையில் கேட்டில் 'லிஸ்ட்ல உங்க பேர் இல்லீங்க' என்று செக்யூரிட்டி சொல்லக் கேட்ட ஒருவருக்கு, வினையைச் செய்தவர் முதற்காட்சியில் தோன்றுவார் என்று எந்த விதி சொன்னாலும் நம்பிக்கை வராது. அவருடைய அனுபவத்தில் அப்படிப்பட்டவர் எந்தக் காட்சியிலும் தோன்றுவதில்லை. கையெழுத்து மட்டும் தோன்றும். இல்லாமையையே சான்றாகக் கொள்ளும் இம்முறையை இன்மைச் சான்று எனலாம். இதை மறுக்கும் வழி எதுவும் இல்லை என்பதே இதன் வலிமை: எச்.ஆர். ஒரு காட்சியிலாவது வந்திருந்தால் அவர்மீது ஐயம் குறைந்திருக்கும், வராததால் நாளுக்கு நாள் கூடுகிறது.

2025 பிப்ரவரி 28 அன்று 'சுழல்' இரண்டாம் பருவம் வெளிவந்தது. அதன் கதை சிமென்ட் ஆலையை அப்படியே விட்டுவிட்டு, காளிப்பட்டணம் என்னும் கடலோர ஊருக்கும், அஷ்டகாளி விழாவுக்கும், செல்லப்பா என்னும் வழக்கறிஞரின் கொலைக்கும் நகர்ந்துவிட்டது. புதிய களம் தேடுவது தொடர் எழுதுவோர் வழக்கம் எனத் திறனாய்வாளர்கள் இதை எளிதாகக் கடந்தார்கள். பேரிகையில் இது, எச்.ஆர். தமக்கு வேண்டியவர்களைப் பிடித்து விசாரணையையே வேறு ஊருக்கு டிரான்ஸ்பர் செய்துவிட்டதற்கான தெளிவான ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது.