மிட்டாய்த் தேதிகள்: கீழக்குயில்குடியை முன்வைத்து ஓர் ஆய்வு

பெரியோரின் பிறந்தநாள்களையும் வரலாற்று நாள்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை. சொன்னவற்றுள் எது பிள்ளையின் மண்டையில் தங்கும், எது மறுநாள் காலைக்குள் ஆவியாகும் என்பதை மட்டும் யாரும் ஆராய்ந்தபாடில்லை. அக்குறையைப் போக்கவே, மதுரைக்கு மேற்கே சமணர் மலையடியில் உள்ள கீழக்குயில்குடியை இக்கட்டுரை களமாகக் கொள்கிறது. ஏன் இந்த ஊர் என்று கேட்போருக்கு: அங்கே தாமரைக் குளம் இருக்கிறது, ஆலமர நிழல் இருக்கிறது. ஆய்வாளனும் மனிதன்தானே.

முதல் விதி: தின்னக் கிடைக்கும் தேதிக்கு அழிவில்லை. 1903 ஜூலை 15-இல் பிறந்த காமராசரைப் பிள்ளைகள் மறப்பதில்லை. அந்த நாளுக்குக் கல்வி வளர்ச்சி நாள் என்று அரசு சூட்டிய பெயர் இதற்குக் காரணமன்று. மதியச் சோறு போட்டவர் என்ற ஒரே குறிப்பு போதும். அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-இல், 2022-ஆம் ஆண்டு, மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது இவ்விதியை அரசும் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளலாம். நேருவுக்கு (1889 நவம்பர் 14) மிட்டாயும் மாறுவேடப் போட்டியும் துணை. கண்மையால் மீசை வரைந்துகொண்டு இரண்டாம் வகுப்பில் ஒரே நேரத்தில் மூன்று பாரதியார்கள் நிற்பதும் அன்றைக்குத்தான்.

இரண்டாம் விதி: விடுமுறைக்குள் விழுந்த தேதி கிணற்றில் விழுந்த கல். காந்தி பிறந்த அக்டோபர் 2 பெரும்பாலும் காலாண்டு விடுமுறையோடு கலந்துவிடுகிறது. 1975-இல் காமராசர் மறைந்ததும் அதே தேதியில். ஒருவருடைய பிறப்பையும் மற்றவருடைய மறைவையும் சேர்த்து ஒரே தூக்கத்தில் பிள்ளைகள் கடக்கிறார்கள். எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17. சில ஆண்டுகளில் அலங்காநல்லூர் சல்லிக்கட்டும் அன்றே வரும். இப்போட்டியில் எந்தப் பக்கம் சாய்வது என்று மதுரைக்காரனிடம் கேட்பது அறிவுடைமை ஆகாது. டிசம்பர் 22 இராமானுசன் பிறந்தநாள் (1887), தேசியக் கணித நாள். அரையாண்டுத் தேர்வுக் காலத்தில் அது வருவதால், கணித மேதையின் மேல் பிள்ளைகளுக்கு உண்டாகும் உணர்ச்சியை இங்கே எழுத முடியாது.

பிப்ரவரி 29-இல் பிறந்த மொரார்ஜி தேசாய் (1896) தனி வகை. நாலு வருடத்துக்கு ஒரு முறைதான் மிட்டாயா என்று பிள்ளைகள் அவருக்காக மெய்யாகவே வருந்துகிறார்கள். வேறு எந்தப் பிரதமரும் இவ்வளவு இரக்கம் சம்பாதித்ததில்லை.

இனி மலைக்கு வருவோம். அதிலுள்ள செட்டிப்புடவு என்னும் குகையில் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊரார் செட்டியார் என்பார்கள். அதே மலையில் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்துச் சிற்ப வரிசையின் கீழே, ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வட்டெழுத்தில், யார் செய்வித்த திருமேனி என்று பொறித்திருக்கிறது. அவர்களுள் ஒருத்தி அச்சணந்தி என்ற துறவியின் தாய் குணமதியார். பெற்ற தாயே கல்லில் எழுதுவித்தும் மகன் பிறந்த தேதி அதில் இல்லை! மகாவீரர் ஜெயந்திக்கு அரசு விடுமுறை உண்டு. அன்று பையன்கள் மலையேறுகிறார்கள், செட்டியார் மடிக்கு எதிரே உட்கார்ந்து மாங்காய் தின்கிறார்கள், இன்றைக்கு எதற்கு லீவு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

தேதியை விட்டது மலை மட்டுமா? ஊரும் அப்படித்தான். "நீ எப்ப அப்பத்தா பொறந்த?" என்று கேட்டால், "அழகரு ஆத்துல எறங்கி மூணா நாளு, வெள்ளிக்கெழம" என்று பதில் வரும். மாதம், திருவிழா, கிழமை எல்லாம் சுத்தம். வருடம் மட்டும் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்த பிறகும் பல ஊர்களில் இந்த வெற்றிடத்தை நிரப்பியவர் பள்ளித் தலைமையாசிரியர். பையன் வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட்டால் வயது ஐந்து. சேர்க்கைக்குத் தோதாக மே அல்லது ஜூன் மாதத்தில் ஒரு தேதி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு தலைமுறையே மே, ஜூனில் பிறந்திருப்பதன் வானியல் காரணம் இதுவே. அண்ணனுக்கும் தம்பிக்கும் நாலே மாத இடைவெளி விழுந்த குடும்பங்களும் உண்டு. தாயார் மறுப்புத் தெரிவித்ததாகச் செய்தி இல்லை.

இப்படிப் பிறப்பு வழங்கிய பெருமக்களுக்கென்று ஒரு நாள் வேண்டாமா? இருக்கிறது: செப்டம்பர் 5, ஆசிரியர் தினம், சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்ததாகப் பதிவான நாள். அவருடைய மகன் கோபால் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் புரட்டினால், தாம் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே ராதாகிருஷ்ணன் கருதினார் என்று இருக்கிறது. அவர் எந்தக் கையால் எந்தக் காதைத் தொட்டார் என்பது அடுத்த ஆய்வுக்குரியது.