இரண்டு அங்குல உயரம்

1986-இல் டொயோட்டா தன் அமெரிக்க ஃபோர்வீல் பிக்கப்பின் முன் இரும்பு அச்சை எடுத்துவிட்டு டார்ஷன் பார் ஸ்பிரிங் வைத்தது. அன்று பிடித்தது சனி. அதன் போல்ட்டைத் திருகினால் போதும், வண்டியின் மூக்கு நிமிர்ந்துவிடும், காசே செலவில்லை. ஆனால் ஸ்பிரிங் ஒன்றும் விறைப்பாகிவிடாது. சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறையும், சிவி ஜாயின்ட் கோணிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அப்படியொரு வண்டியின் போல்ட்டைத் திருகிய கொலராடோ நண்பரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் பின்னால் 300 கிலோ நிரந்தரச் சுமைக்கான லீஃப் ஸ்பிரிங் கட்டையும் மாட்டிவிட்டார். நிரந்தரச் சுமை என்பது ஒரு ஐஸ் பெட்டி (திரும்பும்போது அதுவும் காலி).

எல்லாம் மோவாப் பாறைகளில் ஏறுவதற்காகவாம். இதுவரை ஏறிய சிகரம், மளிகைக்கடை வாசல் வேகத்தடை. தலை கூரையில் இடித்தது. "பார்த்தீங்களா, என்னா ஸ்ட்ராங்கு!" என்றார்.

ரப்பர் புஷ்கள் மட்டும் அதே 1986-தான். அவை வெளியே தெரியாதே.